ஜலகண்டாபுரத்தில் இன்னொரு லேப்டாப்

என்னுடைய லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்ய முடியாது. எடை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. சார்ஜர் தனியாக முக்கால் கிலோ இருக்கும், அரைச் செங்கல் மாதிரி. சென்னையில் நான் வரைபடப் பிரிவில் வேலை பார்த்த கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது இதை வாங்கினேன். அப்போதே அதற்கு நான்கு வயது. இப்போது பதினான்கு.

அது வந்த காலத்தில் லேப்டாப்களில் அதற்கு மேல் ஒன்று கிடையாது என்று சொல்வார்கள். பதினேழு அங்குலத் திரை. இப்போது கடைகளில் இருக்கும் திரைகள் எல்லாம் படம் பார்ப்பதற்காக அகலமாகவும் குள்ளமாகவும் இருக்கின்றன. இதன் திரை உயரத்திலும் தாராளமானது; நெடுக்குவாக்கில் ஆயிரத்து இருநூறு புள்ளிகள். ஒரு டேங்கர் லாரியின் பக்கவாட்டுத் தோற்றத்தை மேலேயும், அதை மேலிருந்து பார்க்கும் தோற்றத்தைக் கீழேயும் வைத்து, இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். பளபளப்பு இல்லாத திரை என்பதால் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தாலும் என் முகம் அதில் தெரியாது. உள்ளே நான்கு கோர் பிராசசர். ராம் சொருக நான்கு இடங்கள். நான்கிலும் எட்டெட்டாக முப்பத்திரண்டு ஜிபி போட்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க் இரண்டு. கீபோர்டுக்கு அடியில் தண்ணீர் வடிவதற்குத் துளை விட்டிருப்பார்கள். இரண்டு முறை டீ கொட்டியிருக்கிறேன், இரண்டு முறையும் கீழே வழிந்து மேஜைதான் நனைந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம் கிராபிக்ஸ் கார்டு. மற்ற லேப்டாப்களில் அது போர்டோடு சேர்ந்தே இருக்கும். போனால் எல்லாமே போய்விடும். இதில் அது தனிப் பலகை. அடிமூடியைக் கழற்றி நான்கு ஸ்க்ரூவை எடுத்தால் கையோடு வந்துவிடும். அதன் சூட்டை வெளியேற்றத் தனியாக ஒரு செம்புக் குழாய், தனியாக ஒரு ஃபேன். அதனால்தான் ஆயிரக்கணக்கான பாகங்கள் உள்ள ஒரு டிரெய்லரை முப்பரிமாணத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அது திணறாது. பேட்டரி மட்டும் பெயருக்குத்தான். முழு வேகத்தில் ஓட்டினால் ஒரு மணி நேரம் தாங்காது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் இரண்டுக்கு நான் வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுக்கிறேன். டேங்கர், டிரெய்லர், கோழித் தீவனம் ஏற்றும் வண்டி. நான் பயன்படுத்தும் மென்பொருளின் உரிமம் அந்த ஒரு லேப்டாப்போடு பூட்டப்பட்டது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வேறு கம்ப்யூட்டரில் போட்டால் திறக்காது. ஏழு வருட வரைபடங்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

வீடு மோகனூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, காட்டுக்குள். சுற்றிலும் கரும்பு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறேன். அப்பா நான் சென்னையில் இருந்தபோதே போய்விட்டார். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். நான்கு வருடம் பார்த்துக்கொண்டேன். அம்மாவும் போய் மூன்று வருடம் ஆகிறது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. எங்கள் பக்கம் இப்படி நிறையப் பேர் இருக்கிறோம். காடு தோட்டம் இருக்கிறது, வீடு இருக்கிறது, பெண் கிடைக்கவில்லை. திருச்செங்கோட்டில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவாள்.

"ஏஞ்சாமி, சோறு ஆக்குனியா? ஒரு ஜாதகம் வந்திருக்குது. புள்ளைக்கு முப்பத்தெட்டாமா. அனுப்பட்டுமா?"

"அனுப்புக்கா."

இவ்வளவுதான் பேச்சு. மற்ற ஆறு நாள் என்னோடு பேசுகிறவர்கள் பட்டறைக்காரர்கள்தான். அவர்கள் பேசுவதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பால் ஊற்ற வருபவர் பாத்திரத்தில் ஊற்றிவிட்டு வண்டியை அணைக்காமலே போய்விடுவார். சில நாள் சாயங்காலம் தொண்டையைச் செருமிப் பார்த்தால்தான் காலையிலிருந்து நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது தெரியும். வீட்டில் கேட்கும் சத்தம் லேப்டாப் ஃபேன் ஓடுவது ஒன்றுதான்.

போன சித்திரையில் அந்தச் சத்தம் மாறியது. இடது பக்க ஃபேன் கர்கர் என்று இழுத்தது. இரண்டு நாள் கழித்துத் திரையில் பச்சைக் கோடுகள் வந்தன. பிறகு படத்தைத் திருப்பும்போதெல்லாம் அப்படியே உறைந்து நின்றது. தூசி தட்டினேன், சிப்புக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவில் தடவும் பேஸ்டை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு சேலத்துக்குப் போனேன்.

சர்வீஸ் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அண்ணே, இத இன்னுமா வெச்சிருக்கீங்க? போர்டு நல்லா இருக்குது. கார்டு போச்சு. இந்தக் கார்டு இப்ப எங்கியும் கெடைக்காது."

"சூடு பண்ணி ஒட்ட வெப்பாங்களாமே?"

"வெக்கலாம். பத்து நாள் ஓடும். அப்புறம் போர்டையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். வேண்டாண்ணே." மூடியைத் திரும்பப் பொருத்திக்கொண்டே யோசித்தார். "இதே மாடல் இன்னொண்ணு இங்க சர்வீசுக்கு வரும். ஜலகண்டாபுரத்துல ஒரு அம்மா, தறிக்கு டிசைன் போடறவங்க. அவங்ககிட்ட எதாச்சும் உதிரி கெடக்கலாம். உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்க. அவங்களுக்கு இஷ்டம்னா கூப்புடுவாங்க."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு போன் வந்தது. பின்னால் தறிகள் ஓடும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. மாடிக்கு ஏறிவிட்டார் என்று நினைத்தேன்.

"வணக்கங்க சார். ஜலகண்டாபுரத்துல இருந்து பேசறனுங்க. உங்களுதும் பதினேழு இஞ்சு மெசினாமா?"

"ஆமாங்க."

"ராம் நாலு போடறதுங்களா, ரெண்டு போடறதுங்களா?"

"நாலுங்க. நாலும் போட்டிருக்கறேன்."

"அப்ப அதேதானுங்க. நாங்க ரெண்டுதான் போட்டிருக்கறோம்." குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஊர்ப் பக்கத்து ஆளை வெளியூரில் பார்த்தால் வருகிற சந்தோஷம். "எங்ககிட்டத் திரை ஒடஞ்சது ஒண்ணு மேல அட்டாளில கெடக்குதுங்க சார். உதிரிக்குன்னு வாங்கி வெச்சது. அதுல கார்டு நல்லா இருக்கோணும். ஆனா இப்ப ஆர்டர் நெருக்கடி. எறக்கிப் பாத்துட்டுச் சொல்றனுங்க."

அதை இறக்கிப் பார்க்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, லேப்டாப்பை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேஜை ஃபேனை அதன் அடியில் திருப்பிவிட்டு வேலை செய்தேன். குளிர்ச்சி இருக்கும்வரை கார்டு தாங்கும். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் கோடுகள் வந்துவிடும். அப்புறம் பகல் முழுவதும் சும்மா இருப்பேன்.

பதினோரு மணிக்கு அவர் கூப்பிடுவார். தினமும் இல்லை, வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஏதாவது ஒரு சந்தேகம் இருக்கும். பேட்டரி ஏறாமல் எழுபதிலேயே நிற்கிறது, ஏன்? இரண்டாவது ஹார்ட் டிஸ்க் போடும் இடத்துக்குத் தனிச் சட்டம் வேண்டுமா? நான் பதில் சொல்வேன். எனக்குத் தெரியாததை அன்று பகலெல்லாம் தேடிப் படித்து வைத்திருந்து அடுத்த நாள் சொல்வேன். ஒருநாள் அவரே கேட்டார்.

"உங்களுதுல ஃபேன் சத்தம் எப்படிங்க வருது?"

"மணல அரைக்கற மாதிரி வருதுங்க."

"இருங்க, எங்களுதக் கேளுங்க."

போனை அவர் லேப்டாப்பின் பின்பக்கம் வைத்திருக்க வேண்டும். சீராக, கோடை மழைக்கு முன்னால் அடிக்கும் காற்று போல ஒரு சத்தம் வந்தது. அதற்கும் பின்னால் கீழே தறிகள். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சுங்க. நல்ல சத்தம்."

அவர் வேலையைப் பற்றி அவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். புடவைக் கரையில் வரும் மாங்காயோ மயிலோ முதலில் திரையில் கட்டம் கட்டமாக விழ வேண்டும். ஒரு கட்டம் என்பது ஒரு இழை. அந்த இழை மேலே தூக்க வேண்டுமா, கீழே கிடக்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளும் பழையது. புது லேப்டாப்பில் ஓடாது. உயரமான திரை இருந்தால்தான் முந்தானையில் திரும்பத் திரும்ப வரும் பூவேலையின் ஒரு முழு வட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க முடியும்.

"ஒரு கட்டம் தப்பாப் போச்சுன்னா எல்லாப் பொடவையிலயும் அந்தத் தப்பு வந்துருமுங்க" என்றார்.

"எங்களுதுலயும் அப்படித்தானுங்க. ஒரு ஓட்டை தள்ளிப் போச்சுன்னா டேங்க் வண்டியோட சேஸ் மேல உக்காராது."

"அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே பொழப்புதான்" என்று சிரித்தார்.

பேசி முடிக்கும்போது "சாப்டீங்ளா சார்?" என்பார். எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் காலை பதினோரு மணிக்கு என்னிடம் அதைக் கேட்க வேறு யாரும் இருக்கவில்லை. நான் பத்தரை மணிக்கே முகம் சவரம் செய்து, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். போனில் முகம் தெரியாது என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவர் யாரையும் குறிப்பிட்டுப் பேசியதில்லை. "நாங்க" என்றுதான் சொல்வார். நாங்க வாங்கினோம், நாங்க போட்டிருக்கறோம். நான் அதை அப்பா அம்மா என்றோ, தறிக்கு வரும் ஆட்கள் என்றோ எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமாக இருந்தது. அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, அக்காவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்பதுவரை யோசித்துவிட்டேன். அக்கா ஒத்துக்கொள்ள எவ்வளவு நாள் ஆகும் என்றும் யோசித்தேன். இதையெல்லாம் எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது இதுதான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

"எறக்கிட்டோமுங்க சார். கார்டு நல்லா இருக்குது. கொரியர்ல அனுப்பட்டுங்களா?"

"வேண்டாங்க. வழியில அடிபட்டுரும். நானே வாரேனுங்க."

"அவ்வளவு தூரமுங்களா?"

"பரவால்லைங்க."

ஞாயிற்றுக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். தோட்டத்துப் பூவன் தாரிலிருந்து நல்லதாக மூன்று சீப்பு அறுத்துப் பையில் வைத்தேன். லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டேன், அங்கேயே மாட்டிப் பார்த்துவிடலாம் என்று. நாமக்கல் போய், சேலம் போய், அங்கிருந்து தாரமங்கலம் வழியாக ஜலகண்டாபுரம். இறங்கும்போது மதியம் பன்னிரண்டு. தோள்பட்டையில் பை வார் பதிந்து கோடு போட்டிருந்தது.

தெருவில் நுழையும்போதே தறிச் சத்தம். ஞாயிறு என்று அங்கே எதுவும் நின்றிருக்கவில்லை. அவர் சொன்ன அடையாளப்படி பச்சைக் கதவு போட்ட வீட்டின் முன்னால் நின்று கூப்பிட்டேன். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. போன் செய்தேன். உள்ளே ஒரு தறி நின்றது. இடுப்பில் துண்டு கட்டிய ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"மோகனூருங்களா? வாங்க, வாங்க மச்சான்" என்றார். உள்பக்கம் திரும்பி, "ஏம்புள்ள, உங்கண்ணன் வந்துட்டாரு பாரு" என்று சத்தம் போட்டார்.

அவர் வந்தார். குரலுக்கு நான் கற்பனை செய்திருந்த முகம் இல்லை. கொஞ்சம் பருமன், கண்ணாடி, மஞ்சள் பூசிய கழுத்தில் தாலிக்கொடி. வாய் நிறையச் சிரித்தார்.

"வாங்கண்ணா. வெயில்ல வந்திருக்கறீங்க. உள்ள வாங்க."

மூன்று வாரமாக சார் என்று கூப்பிட்டவர் வாசலில் அண்ணா ஆக்கிவிட்டார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வரும் ஆளை சார் என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். நான் வாழைப்பழப் பையை நீட்டினேன்.  

மாடியில் தகரம் போட்ட சின்ன அறை. மேஜை மேல் அவருடைய லேப்டாப். என்னுடையதைப் பக்கத்தில் வைத்ததும் மூன்று பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அச்சு அசலாக ஒன்றுதான். அவருடையதில் கீபோர்டு நடுவில் உள்ள, அம்புக்குறியை நகர்த்தும் சிவப்புக் குமிழ் தேய்ந்து போயிருந்தது. என்னுடையதில் எண்கள் உள்ள பக்கம் தேய்ந்திருந்தது.

"இவ எப்பப் பாத்தாலும் உங்களைப் பத்தித்தான் சொல்லிட்டிருப்பா" என்றார் கணவர். "பதினோரு மணிக்கு நூல் மாத்த அரை மணி நேரம் ஒரு தறிய மட்டும் நிறுத்துவோம். அப்பத்தான் உங்களுக்குப் போன் போடுவா. நாந்தான் கேளு கேளும்பேன். எனக்கு போன்ல பேசினா காது கேக்காதுங்க, தறில நின்னு நின்னு."

திரை உடைந்த லேப்டாப்பைக் கவிழ்த்து மூடியைக் கழற்றினேன். நான்கு ஸ்க்ரூ. கார்டு கையில் வந்தது. காய்ந்த பேஸ்டைத் துடைத்தால் சிப் கண்ணாடி போல இருந்தது. அதிகம் ஓடாத கார்டு. என்னுடையதில் மாட்டப் பார்த்தபோது, என் செம்புக் குழாயில் ஒரு மூலை வளைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் சிப் மேல் சரியாக அழுந்தாமல் சூடாகிச் செத்திருக்கிறது.

"இதையும் எடுத்துக்கங்க மச்சான்" என்று கணவர் அந்தத் திரை உடைந்ததில் இருந்த குழாயையும் ஃபேனையும் சேர்த்து எடுத்துக் கொடுத்தார். "கார்டு இல்லாத எடத்துக்கு இது எதுக்கு?"

புதுப் பேஸ்ட் கொண்டுவர மறந்திருந்தேன். காலையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்ததில் மறந்துவிட்டது. வீட்டுக்குப் போய் மாட்டிக்கொள்கிறேன் என்றேன். சாப்பிடாமல் விடவில்லை. கோழிக் குழம்பு வைத்திருந்தார்கள். கணவர் என் இலையில் அள்ளி அள்ளி வைத்தார். வைத்ததையெல்லாம் சாப்பிட்டேன். கிளம்பும்போது அந்த அம்மா, "போய்ச் சேந்ததும் போன் பண்ணுங்கண்ணா. மாட்டினதும் சொல்லோணும்" என்றார்.

"சொல்றனுங்க."

சேலம் பேருந்து நிலையத்தில் நாமக்கல் வண்டி நின்றிருந்தது. நான் ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த வண்டி போய், அடுத்த வண்டி வந்து, அதுவும் போனது. யாரும் என்னை ஏமாற்றவில்லை. யார் மேலும் கோபம் இல்லை. அந்த மனிதர்கள் நல்லவர்கள் என்பதுதான் அப்போது எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவர்கள் ஏதாவது முறைத்திருந்தால் எழுந்து வந்திருப்பேன். மூன்றாவது வண்டியில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து போன் செய்யவில்லை. கார்டை அலமாரியில் வைத்தேன். நான்கு நாள் அதைத் தொடவில்லை. விடியற்காலை எழுவதையும் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் பட்டறைக்காரர் கூப்பிட்டு, "என்னாச்சுங்க? வெல்டர் சும்மா உக்காந்திருக்கறான், படத்தக் குடுங்க" என்றார். அதனால் மாட்டினேன். பேஸ்ட் தடவி, புதுக் குழாயை வைத்து, ஸ்க்ரூவைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். பொத்தானை அழுத்தினேன். ஃபேன் ஒரு கணம் வேகமாகச் சுற்றிப் பின் தணிந்தது. திரை வந்தது. ஒரு கோடு இல்லை. பாதியில் நின்ற டிரெய்லரைத் திறந்து திருப்பினேன். சொன்ன பக்கம் திரும்பியது. நல்ல உச்சி வெயிலில் மூன்று மணி நேரம் ஓட்டியும் சூடு எழுபது டிகிரியைத் தாண்டவில்லை.

அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் இரண்டு வாரம் இருந்தேன். பதினோரு மணிக்கு இரண்டு முறை போன் அடித்தது. எடுக்கவில்லை. மூன்றாவது முறை ஒரு சாயங்காலம், தெரியாத எண்ணிலிருந்து வந்தது. எடுத்தேன்.

"மச்சான், நாந்தான்." காது கேட்காதவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினார். "மெசின் ஓடுதுங்களா?"

"ஓடுதுங்க. நல்லா ஓடுது."

"ஆங்?"

"நல்லா ஓடுதுங்க."

"ஓடுதா? சரி சரி. இவ பயந்துட்டா. கார்டு வேலை செய்யல போல, அதான் அண்ணன் சங்கடப்பட்டுட்டுப் போன் எடுக்கலைன்னு ரெண்டு நாளா ஒரே பொலப்பம். நீங்க நல்லா இருக்கறீங்ளா?"

எனக்குக் கூசியது. வேலை அதிகம், உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சொன்னேன். அவருக்குப் பாதி கேட்டிருக்காது. "ஆடிப் பதினெட்டுக்கு உங்கூருக்கு வாரோம் மச்சான். மேட்டூர்ல கூட்டம் நசுக்குது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வந்தார்கள். அம்மா காரியத்துக்குப் பிறகு என் வீட்டில் விருந்தென்று யாரும் காலடி வைத்ததில்லை. முந்தின நாள் முழுக்க வீட்டைக் கழுவினேன். அந்த அம்மா நேராகச் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஆத்துக்குப் போயிட்டு வாங்க, நான் சோறு ஆக்கிடறேன்" என்றார். மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. படித்துறைப் பக்கம் கூட்டம். நாங்கள் கொஞ்சம் தள்ளி, மணல் மேட்டில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.  அவர் கேட்டார்.

"ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"இத்தாச்சோடு பெரிய ஊடு. தனியா ஏன் இருக்கறீங்க?"

யார் கேட்டாலும் "அமையலைங்க" என்று சொல்லி முடித்துவிடுவேன். அன்று அப்படிச் சொல்லவில்லை. அவர் காதுக்கு எட்டுமாறு கொஞ்சம் உரக்கவே பேச வேண்டியிருந்தது. ஏழு வீட்டுக்குப் பெண் பார்க்கப் போனதைச் சொன்னேன். ஒரு பெண் எல்லோர் முன்னாலும், ஊட்டுலயே உக்காந்து கம்ப்யூட்டர்ல படம் போடறது ஒரு வேலையா என்று கேட்டதைச் சொன்னேன். அம்மா படுத்திருந்த காலத்தில், படுத்த மாமியாரை யார் பார்ப்பது என்று மூன்று இடம் தட்டிப்போனதைச் சொன்னேன். பேச்சு அதோடு நிற்கவில்லை.

"அம்மா போன அன்னிக்குக் காலைல, நாந்தான் மொதல்ல பாத்தேனுங்க. மூச்சு இல்ல. அழுகை வாரதுக்கு முன்னால எனக்கு ஒண்ணு தோணுச்சு. இனிமே பொண்ணு குடுப்பாங்கன்னு தோணுச்சுங்க."

இதை அக்காவிடம்கூட நான் சொன்னதில்லை. எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் குத்திக்கொண்டிருந்தார். கேட்டதோ கேட்கவில்லையோ என்று சந்தேகமாக இருந்தது.

"எங்கப்பன் செத்தப்ப" என்றார், "எனக்கு மொதல்ல என்ன தோணுச்சுன்னா, இனிக் காலைல அஞ்சு மணிக்குத் தறில எறங்கச் சொல்லி யாரும் எழுப்ப மாட்டாங்கன்னு. சந்தோசமா இருந்துச்சு. பொணம் அங்கியே கெடக்குது."

 தெரிந்த இடத்தில் ஒரு பெண் இருக்கிறது, கடவுள் வைத்திருப்பார், வயது என்ன ஆகிவிட்டது என்று வழக்கமாக எல்லோரும் சொல்வது எதையும் அவர் சொல்லவில்லை. இருவரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா போன் செய்து சோறு ஆறுகிறது என்று சொல்லும்வரை எழவில்லை.

நான்கு மணி வண்டிக்கு அவர்களை ஏற்றிவிட்டு வந்தேன். தனிமை அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். வீட்டுக்குத் திரும்பியதும் அது முன்னைவிட அதிகமாகவே இருந்தது. சமையலறையில் அவர் பாத்திரங்களை வேறு வரிசையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார். உப்பு டப்பாவை நான் தேட வேண்டியிருந்தது. அந்த ஞாயிறு அக்கா கூப்பிட்டபோது, இனி ஜாதகம் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். அவள் அழுதாள். அழுது முடித்து, "சரி சாமி, சாப்ட்டியா?" என்றாள். இப்போதும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். ஜாதகம் இல்லாததால் வேறு ஏதாவது பேசுகிறோம். போன வாரம் அரை மணி நேரம் அவள் வீட்டு எருமையைப் பற்றியே பேசினோம்.

பதினோரு மணிக்கு இப்போதும் சில நாள் அந்த அம்மா கூப்பிடுகிறார். நான் முகச்சவரம் செய்துகொள்வதில்லை. புரட்டாசியில் அவர் லேப்டாப் திடீரென்று எழவில்லை. போனிலேயே சொல்லிச் சொல்லி, உள்ளே உள்ள சின்ன பேட்டரியைப் பத்து நிமிடம் கழற்றி வைக்கச் சொல்லித் திரும்ப எழுப்பினோம். என்னுடையதில் ஒரு ராம் போய்விட்டது. மூன்றோடு ஓடுகிறது. பட்டறையில் அடுத்த வருடத்திலிருந்து புது மென்பொருள் என்கிறார்கள். கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன், விரல்கள் இன்னும் பழைய இடத்துக்கே போகின்றன.

போன செவ்வாய்க்கிழமை அவர் கணவர் பேசினார். தறியில் இழைகளைத் தூக்கும் புது ஜக்கார்டு வந்துவிட்டதாம், அதோடு புதுக் கம்ப்யூட்டரும் வந்துவிட்டதாம். பழைய லேப்டாப்பை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு.

"உங்களுக்கே அனுப்பிச்சர்றோம் மச்சான். உதிரிக்கு ஆவும். கொரியர்ல போட்டுடட்டுமா?"

"வேண்டாங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம நானே வாரேன்."

"ஆங்?"

"நானே வாரேனுங்க."

"காலைலயே வந்துருங்க" என்றார். "வெயில் ஏறங்காட்டி."